அறியாத வாசகர்

நான் தொகுக்கும் ரசிகர் கதை இதழின் முதல் வெளியீடு வந்து மூன்று வாரங்கள் கழிந்த பின், அதில் எழுதியிருந்த 11 பேரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டேன்: உங்கள் கதையைத் தவிர இதழில் வேறு எந்தக் கதையைப் படித்தீர்கள்? பாராட்டை எதிர்பார்த்துக் கேட்ட கேள்விதான், மறுக்கவில்லை. மூவர் தாங்கள் எழுதிய அதே தொடரைப் பற்றிய இன்னொரு கதையின் பெயரைச் சொன்னார்கள். சிலர் "மெதுவாகப் படித்துக்கொண்டிருக்கிறேன்" என்று நாகரிகமாக நழுவினார்கள். ஒருவர் மட்டும் உள்ளதை உள்ளபடி எழுதினார்: "மற்ற தொடர்களை நான் பார்த்ததில்லை. பெயர்களைக் கண்டதும் பக்கத்தைத் தள்ளிவிட்டேன்." ஆறு ரசிக உலகங்களைச் சேர்த்து ஓர் இதழைக் கொண்டுவந்துவிட்டதாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன். நான் செய்திருந்ததோ ஆறு சிறு இதழ்களை ஒரே அட்டைக்குள் வைத்துப் பின் அடித்த வேலை.

ஃபேன் ஃபிக்‌ஷன், அதாவது பிறர் படைத்த மாந்தர்களையும் உலகங்களையும் எடுத்துக்கொண்டு ரசிகர்கள் எழுதும் புனைவு, இயல்பிலேயே உள்வீட்டுப் பேச்சுப் போன்றது. எழுதுபவருக்கும் படிப்பவருக்கும் இடையில் ஏற்கெனவே ஒரு மூலக்கதை இருக்கிறது. துப்பறிவாளர் எப்படி நாற்காலியில் சாய்வார், கப்பலின் பொறியாளர் யாரிடம் மட்டும் கோபப்படுவார், பள்ளி அணியின் மாற்று ஆட்டக்காரனுக்கு எந்த முழங்காலில் காயம் என்பவையெல்லாம் சொல்லாமலே இருவருக்கும் தெரியும். அந்தச் சொல்லாமைதான் இந்த வகை எழுத்தின் சுவை. ஆனால் ஒரே இதழில் பல ரசிக உலகங்களை அடுத்தடுத்து வைக்கும்போது அதே சொல்லாமை அடுத்த வீட்டாருக்கு எதிரான சுவராக நின்றுவிடுகிறது. பல ரசிக உலகங்களுக்கான ஓர் இதழைத் தொகுப்பது என்றால், அந்தச் சுவரை இடிக்காமல் அதில் எங்கே வாசல் வைப்பது என்று பார்ப்பதுதான் வேலை என்பது இரண்டாம் இதழின்போதுதான் எனக்குப் புரிந்தது.

அப்படியானால் ஏன் இந்தச் சிரமம், ஒவ்வோர் உலகத்துக்கும் தனித்தனி இதழ் நடத்தலாமே என்று கேட்டவர்கள் உண்டு. அது நியாயமான கேள்வி. இணையத்தில் ரசிகர் புனைவுக்கு இடப் பஞ்சம் இல்லை. ஃபேன்ஃபிக்‌ஷன்.நெட் 1998இலிருந்து இருக்கிறது. 2007இல் தொடங்கப்பட்ட ஆர்கனைசேஷன் ஃபார் டிரான்ஸ்ஃபார்மேட்டிவ் வொர்க்ஸ் என்ற லாபநோக்கற்ற அமைப்பு நடத்தும் ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன் என்ற கதைத்தளம், 2009இல் பொதுப் பயன்பாட்டுக்குத் திறக்கப்பட்டு, 2019இல் அறிவியல் புனைவு உலகின் ஹ்யூகோ விருதும் பெற்றது. அங்கே தன்னார்வலர்கள் குறிச்சொற்களை ஒழுங்குபடுத்தி வைத்திருக்கும் நேர்த்திக்கு ஈடு எந்த நூலகப் பட்டியலிலும் நான் கண்டதில்லை. எந்த உலகம், எந்த இருவர், எந்த மனநிலை, எத்தனை சொற்கள், முடிந்த கதையா தொடரும் கதையா என்று சல்லடை போட்டு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். குறையும் அதுவேதான். கேட்டது மட்டுமே கிடைக்கிறது, கேட்கத் தெரியாதது கண்ணில் படுவதே இல்லை. இதழ் என்ற வடிவம் கேட்காததைக் கையில் கொடுப்பது. ஒரு கதைக்காக வாங்கியவர் அடுத்த பக்கத்தைப் புரட்டும்போது இன்னொன்றில் போய் மாட்டிக்கொள்ள வேண்டும். மாட்டிக்கொள்ளவில்லை என்றால் இதழ் நடத்துவதற்குக் காரணமே இல்லை.

பழைய ரசிகர் இதழ்களின் வரலாறும் இதைத்தான் சொல்கிறது. 1930இல் அமெரிக்காவில் அறிவியல் புனைவு ரசிகர்கள் வெளியிட்ட தி காமெட் என்ற இதழைத்தான் பொதுவாக முதல் ரசிகர் இதழாகக் கொள்கிறார்கள். ரசிகர் இதழைக் குறிக்கும் ஃபேன்ஸீன் என்ற சொல்லை லூயிஸ் ரஸ்ஸல் ஷோவனே 1940இல் உருவாக்கினார். ஸ்டார் ட்ரெக் தொடரை மட்டுமே பொருளாகக் கொண்ட முதல் இதழான ஸ்பாக்கனாலியா 1967இல், தொடர் ஒளிபரப்பாகிக்கொண்டிருந்த காலத்திலேயே வந்துவிட்டது. தட்டச்சில் ஸ்டென்சில் வெட்டி, சைக்ளோஸ்டைல் இயந்திரத்தைக் கையால் சுற்றி, தாள் தாளாக உலரவைத்து, அடுக்கி, பின் அடித்து, அஞ்சலில் அனுப்பிய காலம் அது. 1977இல் ஸ்டார் வார்ஸ் வந்த பிறகு ரசிகர்களின் காதல் ஒன்றோடு நிற்கவில்லை. அந்தக் காலகட்டத்தில் பல தொடர்களின் கதைகளை ஒன்றாகத் தாங்கி வந்த இதழ்களை அவர்கள் மல்டிமீடியா ஸீன் என்று அழைத்தார்கள். இன்று அந்தச் சொல்லைக் கேட்டால் ஒலியும் ஒளியும் நினைவுக்கு வரும். அன்று அதற்குப் பொருள் பல தொடர்கள், பல படங்கள், ஒரே அட்டை என்பதுதான். தாளுக்கும் தபாலுக்கும் பணம் கொடுத்து, மாதக்கணக்கில் காத்திருந்து பெற்ற இதழில் ஒரு பக்கத்தையும் யாரும் எளிதில் விட்டுவிட மாட்டார்கள். எனவே அந்தக் காலத் தொகுப்பாசிரியருக்கு வாசகரின் பொறுமை ஓரளவு இலவசமாகவே கிடைத்திருக்கும். பிடிஎஃப் கோப்பை இலவசமாகத் தரும் நான் அதை ஒவ்வொரு பக்கத்திலும் சம்பாதிக்க வேண்டும்.

முதல் இதழின் தவறு பொருளைத் தேர்ந்தெடுத்ததிலேயே தொடங்கிவிட்டது. "மறுநாள்" என்று அறிவித்திருந்தேன். எல்லா மூலக்கதைகளுக்கும் ஓர் உச்சம் உண்டு: போர் முடிகிறது, வழக்கு முடிகிறது, இறுதி ஆட்டம் முடிகிறது. அதற்கு அடுத்த நாள் காலையில் அந்த மனிதர்கள் என்ன செய்தார்கள் என்று எழுதச் சொன்னேன். கேட்க அழகாகத்தான் இருந்தது. வந்த கதைகளில் சில மிக நல்லவை. ஆனால் மறுநாளைப் பற்றி எழுத வேண்டுமானால் முதல்நாள் முழுவதும் படிப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஐந்து பருவங்கள் ஓடிய தொடரின் கடைசி அத்தியாயத்தில் யார் இறந்தார் என்பதை அறியாதவருக்கு, காலியாக இருக்கும் ஒரு நாற்காலியைப் பற்றிய நான்கு பக்கங்கள் வெறும் மரச்சாமான் வருணனைதான். போதாக்குறைக்கு, அந்தத் தொடரை இனிமேல் பார்க்கலாம் என்று எண்ணியிருந்தவர்களுக்கு முடிவும் அம்பலமாகிவிட்டது. இதற்காகக் கோபித்துக்கொண்டு வந்த கடிதங்களும் உண்டு. அவற்றில் நியாயம் இருந்தது.

இரண்டாம் இதழுக்கு "கதவைத் தட்டியவர்" என்று பொருளை மாற்றினேன். அந்த உலகத்தைச் சேராத ஒருவர், அல்லது அதில் இருந்தும் அதன் பெரிய நிகழ்ச்சிகளை அறியாத ஒருவர், வெளியிலிருந்து வந்து கதவைத் தட்ட வேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை. துப்பறிவாளரின் வீட்டுக்கு எரிவாயு விளக்கைப் பழுதுபார்க்க வந்தவர், விண்கலத்துக்கு ஆறு மாதப் பயிற்சிக்கு வந்த மருத்துவ உதவியாளர், நாயகனின் அணியிடம் தோற்றுப்போன அணியின் பயிற்சியாளர் என்று எழுதி அனுப்பினார்கள். இந்தப் பொருளின் பயன் எழுதத் தொடங்கியவுடன் தெரிந்துவிட்டது. கதவைத் தட்டியவருக்கும் உள்ளே இருப்பவர்களைத் தெரியாது, படிப்பவருக்கும் தெரியாது. இருவரும் ஒரே வாசற்படியில் நிற்கிறார்கள். எழுத்தாளர் விளக்க வேண்டியதில்லை, வந்தவர் பார்ப்பதைச் சொன்னால் போதும். அதே சமயம் அந்த உலகத்தை நன்கு அறிந்த ரசிகருக்கும் ஒரு விருந்து இருக்கிறது. தான் உள்ளங்கைபோல் அறிந்த ஒருவரை அறிமுகமே இல்லாத கண்களின் வழியே பார்க்கும்போது, அவர் உயரமானவர் என்பதோ, விருந்தினரை உட்காரச் சொல்ல மறந்துவிடுபவர் என்பதோ அப்போதுதான் புதிதாகத் தெரிகிறது.

இந்தப் பொருளில் ஒரு பள்ளமும் உண்டு, அதில் சிலர் விழத்தான் செய்தார்கள். வெளியிலிருந்து வருபவர் எழுத்தாளரின் சொந்தப் படைப்பு. எனவே அவரை எல்லாம் வல்லவராக்கிவிடும் ஆசை எளிதில் வந்துவிடும். மிக இளவயது, மிக அழகு, மிகப் புத்திசாலி, மூலத்தின் நாயகர்கள் அனைவரும் வியந்து நிற்க உலகைக் காப்பாற்றிவிட்டுக் கண்ணீருக்கிடையே இறந்துபோகும் ஒரு பெண். ரசிக உலகம் இந்த வகைப் பாத்திரத்துக்கு மேரி சூ என்று பெயர் வைத்து அரை நூற்றாண்டு ஆகிறது. பாலா ஸ்மித் 1973இல் மெனாஜரி என்ற ஸ்டார் ட்ரெக் ரசிகர் இதழில் எழுதிய ஒரு சின்னஞ்சிறு கேலிக்கதையின் நாயகி பெயர் அது. எனக்கு இந்தப் பெயரைத் தடியாக எடுத்து இளம் எழுத்தாளர்களை அடிப்பதில் விருப்பமில்லை. பதினாறு வயதில் தன்னை ஒரு விண்கலத்தின் தலைவியாகக் கற்பனை செய்து பார்க்காதவர் பிறகு எதையும் எழுதப்போவதில்லை என்றே நினைக்கிறேன். எனவே அந்தக் கதைகளைத் திருப்பி அனுப்பும்போது மேரி சூ என்று எழுதாமல், "கதவைத் தட்டியவர் உள்ளே வந்ததும் வீட்டையே எடுத்துக்கொண்டுவிட்டார், வீட்டுக்காரரைக் காணவில்லை" என்று எழுதினேன். இருவர் திருத்தி அனுப்பினார்கள். ஒருவர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்.

திருப்பி அனுப்புவதைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். கூலி தரும் இதழ் ஒரு கதையை மறுத்தால் அது தொழில். யாருக்கும் எதுவும் தராத ரசிகர் இதழ் மறுத்தால், விருந்துக்கு அழைத்துவிட்டு வாசலில் நிறுத்தியது போல் ஆகிவிடுகிறது. இரண்டாம் இதழுக்கு 31 கதைகள் வந்தன, அவற்றில் 19 ஒரே அனிமே தொடரை, அதாவது ஜப்பானிய அசைவூட்டத் தொடரை, பற்றியவை. தரத்தை மட்டும் பார்த்து எடுத்திருந்தால் இதழில் முக்கால்வாசி அதுவே நிறைந்திருக்கும். பல உலகங்களின் இதழ் என்று சொல்லிக்கொண்டு ஒரே உலகத்தின் இதழை வெளியிட்டிருப்போம். எனவே ஓர் உலகத்துக்கு இரண்டு கதைகளுக்கு மேல் இல்லை என்ற விதியை வைத்தேன். இதனால் நல்ல கதைகள் சிலவற்றை விட்டுவிட்டு அவற்றைவிடச் சற்றுச் சுமாரானவற்றை எடுக்க நேர்ந்தது. இது அநியாயம் என்று எழுதியவர்களிடம் இதழ் என்பது போட்டித்தேர்வு அல்ல என்று பதில் எழுதினேன். அந்தப் பதில் எனக்கே முழு நிறைவு தரவில்லை. ஆனால் இந்த விதியை அழைப்பிலேயே அறிவித்திருக்க வேண்டும், கதைகள் வந்து குவிந்த பிறகு அல்ல என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

இனி இந்தக் கட்டுரையின் தலைப்புக்குரியவருக்கு வருகிறேன். ரசிகர் புனைவில் பீட்டா வாசகர் என்ற வழக்கம் பழையது. கதையை வெளியிடும் முன் அந்த உலகத்தை அறிந்த ஒரு நண்பரிடம் கொடுத்துப் பிழை பார்க்கச் சொல்வார்கள். அவர் எழுத்துப் பிழையைப் பார்ப்பார், அதைவிட முக்கியமாக, "இவனுக்கு இடக்கைப் பழக்கம், நீ வலக்கையில் வாளைக் கொடுத்துவிட்டாய்" என்று மூலப் பிழையைப் பார்ப்பார். இவரை நான் அறிந்த வாசகர் என்று அழைக்கிறேன். இரண்டாம் இதழில் ஒவ்வொரு கதைக்கும் இவரோடு இன்னொருவரையும் சேர்த்தேன்: அந்த மூலத்தைக் கண்ணால்கூடப் பார்த்திராத ஓர் அறியாத வாசகர். அவருக்கு ஒரே ஒரு வேலைதான். எந்த வரியில் கதையின் பிடி நழுவியதோ அந்த வரியின் ஓரத்தில் ஒரு கோடு போட வேண்டும். கருத்தும் வேண்டாம், திருத்தமும் வேண்டாம். கோடு மட்டும்.

அந்தக் கோடுகளிடம் நான் கற்றது அதிகம். தெரியாத பெயர்கள் வரும் இடங்களிலெல்லாம் கோடு விழும் என்று நினைத்திருந்தேன், விழவில்லை. எந்த நாவலைத் திறந்தாலும் முதல் பக்கத்தில் எல்லாப் பெயர்களும் தெரியாதவைதான். வாசகர்கள் அதற்குப் பழகியவர்கள். கோடுகள் விழுந்தவை வேறு இடங்கள். ஒரு பாத்திரம் காரணம் சொல்லாமல் அழுத இடம், ஒரு பொருள் பெயர் சொல்லப்பட்டவுடன் அறையில் இருந்தவர்கள் எல்லாரும் மௌனமான இடம், "அன்று நடந்தது மீண்டும் நடக்கக் கூடாது" என்று ஒருவர் சொல்லி, அன்று என்ன நடந்தது என்பது கடைசிவரை வராத இடம். அதாவது தகவல் இல்லாததால் வாசகர் தடுமாறவில்லை. உணர்ச்சியை மூலக்கதையிடம் கடன் வாங்கிவிட்டுக் கதைக்குள் அதற்கு ஈடு வைக்காத இடங்களில்தான் தடுமாறினார். இதை எழுத்தாளர்களிடம் சொன்னபோது பலரும் முதலில் செய்த காரியம், இரண்டு பத்தி முன்கதைச் சுருக்கத்தைச் செருகியது. அது நோயைவிடக் கொடிய மருந்து. பலித்தது மிகச் சிறிய மாற்றம்தான். ஒருவருடைய கதையில் எல்லாரையும் மௌனமாக்கியது ஒரு கைக்கடிகாரம். அது யாருடையது என்று சொல்லாமல், அது நின்றுபோயும் யாரும் அதற்குச் சாவி கொடுப்பதில்லை என்ற ஒரே வாக்கியத்தைச் சேர்த்தார். அறிந்தவருக்கு அது யாருடையது என்று தெரியும், அறியாதவருக்கு அது இறந்துபோன ஒருவருடையது என்று புரியும். அடுத்த சுற்றில் அந்தக் கோடு மறைந்துவிட்டது.

ஒவ்வொரு கதையின் தலைப்புக்குக் கீழும் மூலத்தைப் பற்றிய ஒரு முன்குறிப்பு உண்டு. முதல் இதழில் அவற்றை எழுத்தாளர்களே எழுதினார்கள். தாம் நேசிக்கும் உலகத்தைச் சுருக்கச் சொன்னால் யாராலும் சுருக்க முடியாது. ஒரு குறிப்பு முக்கால் பக்கம் ஓடியது, அதில் 14 பாத்திரப் பெயர்கள் இருந்தன. இரண்டாம் இதழில் அந்தப் பொறுப்பை அறியாத வாசகரிடமே கொடுத்துவிட்டேன். கதையைப் படித்து முடித்துவிட்டு, தொடங்கும் முன் தனக்கு எது தெரிந்திருந்தால் உதவியாக இருந்திருக்கும் என்பதை மூன்று வாக்கியங்களுக்குள் எழுத வேண்டும். "இவர்கள் இருவரும் ஒரே கப்பலில் ஏழு ஆண்டுகளாகப் பணிபுரிகிறார்கள். ஒருவருடைய இனத்தில் பொய் சொல்வது இழிவு." இவ்வளவுதான். இரண்டு கதைகளுக்கு, "எதுவும் தேவைப்படவில்லை" என்று எழுதித் திருப்பினார்கள். அந்த இரண்டு கதைகளும் முன்குறிப்பு இல்லாமலே அச்சேறின. எழுதிய இருவரும் அதைப் பதக்கம்போல் சொல்லிக்கொள்கிறார்கள்.

அந்த அறியாத வாசகர்கள் வேறு யாரும் அல்லர், இதழில் எழுதிய மற்றவர்களேதான். விண்கலக் கதை எழுதியவருக்குத் துப்பறியும் கதை, துப்பறியும் கதை எழுதியவருக்கு அனிமே கதை என்று சுழற்றி விட்டேன். ஆள் பற்றாக்குறையால் செய்த ஏற்பாடு இது. முதல் இதழில் ஒருவர் கதையை மற்றவர் படிக்கவில்லை என்று நான் வருந்தியதற்கு இதுவே மருந்தாகிவிடும் என்று அப்போது நினைக்கவில்லை.

மொழி பற்றிய சிக்கல் தனி. இந்த உலகங்களில் பல ஆங்கிலத்திலோ ஜப்பானிய மொழியிலோ பிறந்தவை, நாம் எழுதுவதோ தமிழில். ஆங்கிலத்தில் எல்லாருக்கும் ஒரே முன்னிலைச் சொல். தமிழில் முதல் உரையாடலிலேயே நீயா, நீங்களா என்று முடிவு செய்தாக வேண்டும். துப்பறிவாளரும் அவருடைய மருத்துவ நண்பரும் ஒரே வீட்டில் வாழ்கிறார்கள், ஆபத்தில் உயிரைப் பணயம் வைக்கிறார்கள், ஆனாலும் குடும்பப் பெயரைச் சொல்லித்தான் ஒருவரையொருவர் அழைக்கிறார்கள். அவர்கள் நீங்கள் என்று பேசிக்கொள்வார்களா? விண்கலத் தலைவரிடம் அவருடைய துணை அதிகாரி தனிமையில் என்ன சொல்லி அழைப்பார்? முதல் இதழில் ஒரே இணையை ஒருவர் நீ என்றும் மற்றவர் நீங்கள் என்றும் எழுதியிருந்தார்கள். நான் ஒருமைப்படுத்தப் பார்த்தேன், இருவரும் ஒப்பவில்லை. இப்போது அவர்கள் சொன்னதுதான் சரி என்று நினைக்கிறேன். எந்த விளி என்பது அந்த உறவைப் பற்றிய எழுத்தாளரின் விளக்கம், அதில் தொகுப்பாசிரியருக்கு வேலையில்லை. இரண்டாம் இதழின் மிகச் சிறந்த கதையில் பன்னிரண்டு பக்கம் நீங்கள் என்று பேசிக்கொண்டிருந்த இருவரில் ஒருவர், மருத்துவ அறையின் படுக்கையருகே முதன்முறையாக நீ என்கிறார். அந்தக் கதையில் அதற்குமேல் எதுவும் நடப்பதில்லை, நடக்கத் தேவையும் இல்லை. ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் இந்தக் கதை பிறந்திருக்கவே முடியாது. நம் மொழியில் ரசிகர் புனைவு எழுதுவதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டுமா என்ன?

பெயர்களின் எழுத்துக்கூட்டலில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. ஒரே பெயர் ஒரு கதையில் ஸகரத்திலும் அடுத்த கதையில் சகரத்திலும், மூன்றாவதில் ஆய்த எழுத்தோடும் வந்தால், அறியாத வாசகர் மூன்று பேர் என்றே எண்ணிக்கொள்வார். ஒவ்வோர் உலகத்துக்கும் ஒரு பெயர்ப்பட்டியல் வைத்து, அதை அழைப்போடு சேர்த்தே அனுப்பிவிடுகிறேன். ஜப்பானியப் பெயர்களோடு வரும் சான், செம்பாய் போன்ற மரியாதை ஒட்டுகளை வைப்பதா, அண்ணா என்று மாற்றுவதா என்ற வாதம் இன்னும் முடியவில்லை. வைத்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி. அண்ணா என்றவுடன் அந்தப் பையன் வேறொரு பையனாகிவிடுகிறான்.

சட்டத்தைப் பற்றிப் பேசாமல் இந்த வேலையைச் செய்ய முடியாது. "இந்தப் பாத்திரங்கள் எனக்குச் சொந்தமானவை அல்ல, இதனால் லாபம் ஈட்டவில்லை" என்று முதல் பக்கத்தில் போட்டுவிட்டால் பாதுகாப்பு என்று பலர் நம்புகிறார்கள். அது ஒரு மரியாதை வாசகம், அதற்குக் கவசத்தின் பலம் கிடையாது. ஒரு படைப்பைத் தழுவி எழுத அனுமதிக்கும் உரிமை அதன் ஆசிரியருக்கே உரியது என்பதைப் பதிப்புரிமை பற்றிய பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு ஏற்றுக்கொள்கிறது. அமெரிக்கச் சட்டத்தில் நியாயமான பயன்பாடு என்ற விதிவிலக்கைத் தீர்மானிக்க நான்கு அளவுகோல்கள் உள்ளன. வணிக நோக்கம் இல்லாமை அவற்றில் ஒன்றின் ஒரு பகுதி மட்டுமே. மூலப் படைப்பிலிருந்து எவ்வளவு எடுத்தோம், அதன் சந்தையை நம் எழுத்து பாதிக்கிறதா என்பவையும் பார்க்கப்படும். எனவே நாங்கள் வைத்துக்கொண்ட கட்டுப்பாடுகள் எளியவை. மூலத்தின் வசனங்களை அப்படியே எடுப்பதில்லை. படக்காட்சிகளையும் அதிகாரப்பூர்வச் சின்னங்களையும் பயன்படுத்துவதில்லை, ஓவியங்கள் அனைத்தும் புதிதாக வரையப்பட்டவை. அச்சுப் பிரதிக்கு அச்சுச் செலவும் தபால் செலவும் தவிர ஒரு காசு கூடுதலாக வாங்குவதில்லை. ரசிகர் புனைவே வேண்டாம் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்ட எழுத்தாளர்களின் உலகங்களைத் தொடுவதில்லை. உயிரோடு இருக்கும் நடிகர்களையும் பாடகர்களையும் பாத்திரமாக்கும் கதைகளையும் ஏற்பதில்லை. இந்தக் கடைசி விதிக்குச் சட்டம் அல்ல, கூச்சம்தான் காரணம்.

உரிமைக்காலம் முடிந்த உலகங்களில் இந்தக் கவலை இல்லை. ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளில் கடைசியாக எஞ்சியிருந்தவையும் 2023 ஜனவரி 1 அன்று அமெரிக்காவில் பொதுவுடைமையாகிவிட்டன. ஆனால் அதே துப்பறிவாளரைப் பற்றி அண்மையில் வந்த தொலைக்காட்சித் தொடர்கள் உருவாக்கிய புதிய அம்சங்கள் அந்தந்தத் தொடருக்கே சொந்தம். எந்த ஹோம்ஸ் என்று கேட்டு எழுதி வாங்கிவிடுவது நல்லது.

வயதுக்கான வரம்பும் அப்படித்தான், முன்கூட்டியே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். 1981இல் ஸ்டார் வார்ஸின் அதிகாரப்பூர்வ ரசிகர் மன்றத்திலிருந்து ரசிகர் இதழ்களை நடத்தியவர்களுக்கு ஒரு கடிதம் போனது. பாலுறவு வெளிப்படையாக வரும் கதைகளை வெளியிடக் கூடாது என்பது அதன் சாரம். ரசிகர் எழுத்தில் அது எழுப்பிய சண்டை இன்னும் ஓயவில்லை. நான் அந்தச் சண்டையில் எழுத்தாளரின் பக்கம். ஆனால் பல உலகங்களின் இதழில் ஒரு சிறுவர் தொடருக்காக வரும் வாசகர் பக்கத்தைப் புரட்டி அடுத்த கதைக்குப் போவார் என்பதே நம் ஆசையாக இருக்கும்போது, அடுத்த கதை எல்லாரும் படிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். வன்முறை, தற்கொலை போன்றவை வரும் கதைகளுக்கு முன்குறிப்பிலேயே எச்சரிக்கை வைக்கிறோம்.

கதைகளை எந்த வரிசையில் வைப்பது என்பதில் நான் செலவிட்ட மாலைகள் பல. முதல் இதழில் உலகவாரியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரிவுப் பக்கமும் அலங்காரமும் வைத்தேன். வாசகர் எங்கே நிறுத்தலாம் என்பதற்கு நானே பலகை நட்டுவைத்தது போல் ஆயிற்று. இரண்டாம் இதழில் ஒரே உலகத்தின் இரண்டு கதைகளையும் தள்ளித் தள்ளி வைத்தேன். ஒரு கதையின் முடிவில் உள்ள உணர்வை அடுத்த கதையின் தொடக்கம் பிடித்துக்கொள்ளும்படி அடுக்கிப் பார்த்தேன். மழையில் முடியும் துப்பறியும் கதைக்குப் பிறகு, நனைந்த காலணிகளோடு உடற்பயிற்சிக் கூடத்துக்குள் நுழையும் பயிற்சியாளர். முதல் இடத்தை நான் மிகச் சிறந்த கதைக்குக் கொடுக்கவில்லை, மிக எளிதில் உள்ளே நுழையக்கூடிய கதைக்குக் கொடுத்தேன்.

இரண்டு உலகங்களை ஒரே கதையில் சந்திக்கவைக்கும் கிராஸ்ஓவர்தான் இத்தகைய இதழின் உயிராக இருக்கும் என்று எல்லாரும் எதிர்பார்ப்பார்கள். அனுபவம் நேர்மாறாகச் சொன்னது. இரண்டையும் அறிந்தவருக்கு அது இரட்டை இன்பம், ஒன்றை மட்டும் அறிந்தவருக்குப் பாதி, எதையும் அறியாதவருக்குச் சுழியம். வந்த ஏழில் ஒன்றை மட்டும் எடுத்தேன்.

பக்க வடிவமைப்பின் தொல்லைகளை நீட்டி எழுதினால் இன்னொரு கட்டுரையாகும். இரண்டைச் சொல்கிறேன். வந்த கதைகளில் மூன்று யூனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டிருந்தன. அவற்றை யூனிகோடுக்கு மாற்றியபின் ஒவ்வொரு வரியையும் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் விடக்கூடாது. தமிழின் நீண்ட சொற்களை இருபுறமும் சமப்படுத்தி இரண்டு பத்திகளாக அமைத்தால், சொற்களுக்கிடையே ஓட்டை விழுந்து பக்கமே பொத்தலாகத் தெரியும். ஒற்றைப் பத்தியும் இடப்பக்கச் சீரும் போதும், கண்ணுக்கும் இதம். நடுவில் பின் அடிக்கும் அச்சுப் பிரதிக்குப் பக்க எண்ணிக்கை நான்கின் மடங்காக இருக்க வேண்டும் என்பதால், கடைசியில் எங்களுக்கு மூன்று பக்கங்கள் மிஞ்சின. அவற்றில் வாசகர் கடிதங்களைப் போட்டோம்.

அந்தக் கடிதங்களில் ஒன்று, "நான் பக்கத்தைத் தள்ளிவிட்டேன்" என்று முன்பு எழுதிய அதே நபருடையது. தனக்கு ஒதுக்கப்பட்ட விண்கலக் கதையின் ஓரத்தில் கோடு போடப் போனவர், மூலத் தொடரைப் பார்க்கத் தொடங்கிவிட்டதாகவும், இப்போது மூன்றாம் பருவத்தில் இருப்பதாகவும், அந்தப் பொறியாளரைப் பற்றித் தானும் ஒரு கதை எழுத விரும்புவதாகவும் சொல்லியிருந்தார். அண்மையில் கதையும் வந்து சேர்ந்தது. அறிந்த வாசகர் அதில் ஒன்பது மூலப் பிழைகளைக் கண்டுபிடித்திருக்கிறார். அவற்றில் நான்கு, தொடரில் இருப்பவற்றை விட்டுவிட்டு எங்கள் இரண்டாம் இதழின் கதையில் இருந்தவற்றை உண்மை என்று எடுத்துக்கொண்டதால் வந்தவை. அந்த நான்கைத் திருத்துவதா, விட்டுவிடுவதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. இதற்கிடையில், சென்ற இதழில் ஒருவர் கதைக்கு மற்றவர் அறியாத வாசகராக இருந்தவர்களில் பெரும்பாலோர் இப்போது அந்த உலகங்களை அறிந்தவர்களாகிவிட்டார்கள். மூன்றாம் இதழுக்கு, எதையும் பார்த்திராத புதிய ஆட்களைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.